"நீ பார்த்துச் செய்" என்று சொல்லும் குழுவைப் பேச வைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 14 பேர். பத்து வருடமாக ஒரே அக்காதான் ஊக்குநர் (குழுவை நடத்துபவர்). இரண்டு மாதத்துக்கு முன் என்னை ஊக்குநர் ஆக்கினார்கள். எதைக் கேட்டாலும் "நீ பார்த்துச் செய்" என்கிறார்கள். வங்கிக் கடன் வரப்போகிறது. யாருக்கு எவ்வளவு என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்க என்ன செய்வது? (ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் குழுவில் யாரும் வாயில்லாதவர்கள் இல்லை. குழாயடியில் நின்று கேட்டால் தெரியும். பத்து வருடமாக முடிவு யாரோ ஒருவர் திண்ணையில் ஆகிவிட்டிருக்கும். கூட்டத்தில் கையெழுத்து மட்டும் வாங்கியிருப்பார்கள். பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். அதனால் "பேசுங்கம்மா" என்று கெஞ்சிப் பயனில்லை. ஒருத்தர் சொன்னதால் ஒரு முடிவு மாறியது என்பதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் நாற்காலி வேண்டாம். எல்லாரும் பாயில் வட்டமாக உட்காருங்கள். பாஸ்புக்கும் நோட்டும் நடுவில் இருக்கட்டும். இருப்பு எவ்வளவு என்பதை உங்களைத் தவிர வேறு ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்புறம் ஒரு சுற்று: எவ்வளவு வேண்டும், எதற்கு, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தச் சுற்றில் யாரும் குறுக்கே பேசக்கூடாது. உங்கள் கருத்து கடைசியில்தான். நடுவில் அமைதி விழும், உங்களுக்கு வாய் நமநமக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு புளியங்கொட்டை. கேட்ட கடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டாங்குச்சி வைத்து, அடையாளத்துக்கு ஒரு பொருள் போடுங்கள்: மாட்டுக்கு வைக்கோல், தையலுக்கு நூல்கண்டு. ஆளுக்குப் பத்துக் கொட்டை. ஒவ்வொருவராக உள்ளறைக்குப் போய்ப் போட்டுவிட்டு வரட்டும். எழுதத் தெரியாதவரும், மாமியாருக்கு எதிரில் பேசத் தயங்கும் மருமகளும் இதில் சமம். எண்ணிக்கை வந்ததும் அதையே முடிவாக எழுதிவிடாதீர்கள். எதற்குக் கொட்டை குறைந்ததோ அதைக் கேட்டவரிடம் இன்னொரு முறை பேசச் சொல்லுங்கள். பேச்சு அங்கேதான் தொடங்கும்.

இனி நான் எங்கே போனாலும் கத்துகிற விஷயம்: தீர்மான நோட்டில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் நேரத்தில் ஒருவர் வருவார். "பேங்க்ல அவசரம், தீர்மானத்தை நானே எழுதிக்கறேன், கீழே கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார். வேலை முடிந்ததும் நூற்றுக்கு இவ்வளவு என்று கேட்பார். ஒரு குழுவில் மூன்று வெற்றுப் பக்கம் இப்படிப் போனது. மொத்தப் பணமும் ஒரு உறுப்பினரின் மச்சான் கடைக்குப் போய், மற்றவர்கள் தவணை கட்டியதை நானே பார்த்தேன். சுய உதவிக் குழுக் கடனுக்கு 10 லட்சம் வரை அடமானமும் கூடாது, மார்ஜின் பணமும் (நம் கையிலிருந்து போடச் சொல்லும் பங்கு) கூடாது, உங்கள் சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பிறகு எதற்கு ஒரு ஆள்? வாரா வாரம் வசூலுக்கு வரும் "குழு லோன்" வேறு சங்கதி. அது மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பணம், உங்கள் தீர்மானத்துக்கு அங்கே வேலையில்லை.

எல்லாவற்றையும் கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டுமா என்றால், ஒரே ஒரு விலக்கு: ஆஸ்பத்திரி அவசரம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிரசவ வலி வந்தால் 14 பேரைக் கூட்ட முடியாது. அதனால் இப்போதே தீர்மானம் போடுங்கள். உள்கடன் பணத்தில் (குழுச் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கொடுப்பது) இவ்வளவு ரூபாய் வரை, ஊக்குநரும் வேறு இரண்டு உறுப்பினரும் சேர்ந்து கொடுக்கலாம். அந்த இருவரில் ஒருவராவது பிரதிநிதியாக (ஊக்குநரோடு பொறுப்பில் இருப்பவர்) இல்லாதவராக இருக்க வேண்டும். அவர் கடன் வாங்குபவரின் சொந்தமாகவும் இருக்கக்கூடாது. அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதைப் படித்துக் காட்ட வேண்டும். தொகையையும் கொட்டை போட்டே முடிவு செய்யுங்கள். "அவசரம்" என்ற சொல்லுக்குக் காய்ச்சல் வருமா, கல்யாணம் வருமா என்று அன்றைக்கே பேசித் தீர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் சீமந்தம்கூட அவசரமாகிவிடும்.

1989-ல் தருமபுரியில் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் உதவியோடு இந்தக் குழுக்கள் தொடங்கியபோது பெண்கள் தாங்களே முடிவெடுப்பார்கள் என்றுதான் பேச்சு. இன்றைக்குக் குழுக்களைத் தரம் பிரிப்பது பஞ்சசூத்திரத்தை வைத்து: கூட்டம், சேமிப்பு, உள்கடன், திரும்பச் செலுத்துதல், பதிவேடு. யார் வாய் திறந்தார்கள் என்பதற்கு அதில் ஒரு கட்டமும் கிடையாது! அதிகாரிகளுக்கு நாம் மார்ச் மாதம் வந்தால் கடன் இலக்கு, விழா வந்தால் நாற்காலி நிரப்ப ஆள். அப்படி ஒரு கட்டம் வரும் என்று காத்திருக்காமல் உங்கள் நோட்டிலேயே ஒரு வரி சேருங்கள்: இன்று யார் மாற்றுக் கருத்துச் சொன்னார், என்ன ஆயிற்று.

பழைய ஊக்குநர் அக்காவை ஒதுக்காதீர்கள். யார் எப்போது கட்டத் தவறினார் என்பது அவருக்குத்தான் தெரியும். வசூல் கணக்கைப் படிக்கும் வேலையைக் கொடுங்கள். கூட்டத் தலைமையை மட்டும் மாதம் ஒருவராக மாற்றுங்கள். ஊக்குநர் பொறுப்பிலிருந்து நீங்கள் எந்தத் தேதியில் இறங்குவீர்கள் என்பதையும் இந்த மாதமே தீர்மானமாக எழுதிவிடுங்கள். அடுத்த மாதத் தலைவி யார் என்று பெயர் எழுதும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம்.