வாசகர் கேள்வி: தகப்பனுக்கும் கிளினிக்கில் வேலை உண்டு

கேள்வி: கிளிநொச்சியில் மேசன் வேலை. பிள்ளைக்கு ஒரு மாதம், தாய்ப்பால் மட்டும்தான். தகப்பன் என்ன செய்ய ஏலும்?

பதில்: பால் கொடுப்பதைத் தவிர எல்லாம். குடித்ததும் தோளில் நிமிர்த்திப் பிடித்து, முதுகைத் தட்டி ஏவறை விடச் செய்யுங்கள். உடனே கிடத்தினால் பாலைக் கக்கும். சீமெந்துக் கையோடு தூக்காதீர்கள். முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பையும் மாற்றுங்கள்.

2, 4, 6 மாதங்களில் தடுப்பூசி. கிளினிக் திகதியைக் கொந்தராத்துக்காரரிடம் முன்பே சொல்லி, நீங்களும் போங்கள். அரச ஊழியருக்கு 3 நாள் தந்தையர் லீவு உண்டு. தனியார் துறைக்கு அப்படிச் சட்டமில்லை, நாட்கூலிக்குச் சொல்லவே வேண்டாம்.

குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் ஒதுங்கி நிற்காமல், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் நிறை கூடுவதைக் காட்டும் கோட்டை வாசிக்கப் பழகுங்கள். கோடு மட்டமாகப் போனாலோ சரிந்தாலோ அடுத்த திகதி வரை காத்திராமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.