வயலினுக்குப் பக்கத்தில பியானோவுக்கு என்ன வேலை?

கேள்வி: நான் கர்நாடக வயலின் படிச்சனான், அக்கா பியானோ வாசிப்பா. ரெண்டு பேருக்குமா தோடி ராகத்தில ஒரு புது பீஸ் எழுதுறன். கம்ப்யூட்டரில கேட்க நல்லா இருக்கு, ஆனா நாங்கள் வாசிச்சா வயலின் அமுங்கிப்போகுது, பியானோ சும்மா கோர்ட்ஸ் (சேர்த்து அடிக்கிற ரெண்டு மூண்டு சுரம்) பிடிச்சுக்கொண்டு நிக்குது. விட்டுடட்டா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: விடாதேங்கோ தங்கச்சி. ராகத்தை மட்டும் மாத்துங்கோ. காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) அசையாட்டி தோடியே இல்லை, பியானோக் கட்டையில அந்த அசைவு வராது, அதாலதான் அக்கான்ர கை வேற வழியில்லாம கோர்ட்ஸில போய் நிக்குது. ஹம்சத்வனியை எடுத்துப் பாருங்கோ, ச ரி க ப நி அஞ்சு சுரம்தான், ஆனா அதுக்குள்ளயே ச-க-ப, ப-நி-ரி, க-ப-நி எண்டு மூண்டு கோர்ட் தானா வந்து விழும், பியானோவுக்கு சொந்தமா ஒரு பேச்சு கிடைக்கும், நீங்கள் மேல உங்கட பாட்டுக்கு சுரத்தை அசைச்சு வாசிக்கிற கமகத்தோட போகலாம்.

ரெண்டையும் ஒரே மாதிரிப் பேச வைக்கப் பாக்காதேங்கோ. பிரெஞ்சு கொம்போசர் ரவெல், வயலினும் பியானோவும் ஒண்டுக்கொண்டு ஒத்துவராத வாத்தியங்கள் எண்டு நம்பின ஆள், அப்பிடியிருந்தும் 1923ல தொடங்கி 1927ல வயலினுக்கும் பியானோவுக்குமா ஒரு சொனாட்டா (பல பகுதியா வாற வாத்திய இசை) எழுதி முடிச்சார். அந்த ஒத்துவராமையை அவர் மறைக்கேல்லை, அதை வச்சே எழுதினார். அதின்ர ரெண்டாவது பகுதி 'ப்ளூஸ்', முதல்ல வயலின் விரலால சுண்டித் தொடங்குது, பிறகு வழுக்கி வழுக்கிப் பாடுது, கீழ பியானோ அசையாம தாளத்தைத் தட்டிக்கொண்டு நிக்கும். கட்டாயம் கேளுங்கோ, உங்கட கமகத்துக்கு வழி அதுக்குள்ள இருக்கு.

அமுங்கிறதுக்கு வாறன். கம்ப்யூட்டரில சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், வீட்டு ஹோலில ஏலாது, அதை நம்பி பலன்ஸ் பாக்கவே கூடாது. நீங்கள் கீழ்த் தந்தியில வாசிக்கேக்க அக்கா நடுக்கட்டையில தடிப்பா கோர்ட்ஸ் பிடிச்சு சத்தத்தை நீட்டுற பெடலையும் அமத்தினா வயலின் எங்க கேக்கிறது? அந்த இடத்தில நடுவை வெறுமையா விட்டுட்டு வலக்கையை நல்லா மேல அனுப்புங்கோ, இடக்கைக்கு ஒத்தைச் சுரம் காணும். பியானோ சத்தம் அடிச்ச உடனே தேயத் தொடங்கும், நீங்கள் வில்லால இழுத்துப் பிடிக்கலாம், அப்ப அக்கா ஒரு கோர்ட் அடிச்சிட்டு கட்டையை விடாம அமத்திக்கொண்டு இருக்கட்டும், அது தேயத் தேய நீங்கள் அதே சுரத்தை வளருங்கோ. எனக்கு இந்தச் சோடியில மிச்சம் பிடிச்ச இடமே அதுதான்.

இன்னொண்டு, நீங்கள் ச-ப-ச-ப எண்டு சுருதி சேர்ப்பீங்கள், பியானோவில எந்தக் கட்டை ஷட்ஜம் (ச) எண்டதை எழுதத் தொடங்க முதலே அக்காவோட முடிவெடுங்கோ, பிறகு மாத்தினா அவ முழுப் பார்ட்டையும் திருப்பி எழுத வேணும்.