காயம் ஆறிவிட்டது, ஊசி இன்னும் தேவையா?

கேள்வி: ஜூன் விடுமுறையில் தேவகோட்டையில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். தெருவில் ஒரு நாய்க்குட்டி என் ஏழு வயது மகனின் கணுக்காலைப் பிறாண்டியதில் இலேசாக ரத்தம் கசிந்தது. மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். நாங்கள் சிங்கப்பூர் திரும்பி மூன்று வாரமாகிறது. காயம் ஆறிவிட்டது. அந்தக் குட்டி இன்னும் நன்றாகத்தான் ஓடித் திரிகிறது என்கிறார் மாமியார். இனி ஊசி போட வேண்டுமா? இங்குள்ள நாய்களுக்கும் நாங்கள் அஞ்ச வேண்டுமா?
- வாசகி, ஈசூன்

பதில்: ஊசி போட வேண்டும், சகோதரி. இதைப் படித்த கையோடு பையனை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். மற்ற விளக்கங்களைத் திரும்பி வந்து படிக்கலாம்.

மூன்று வாரம் கழிந்துவிட்டதே, இனி போய் என்ன பயன் என்று பலர் தயங்குகிறார்கள். வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபிஸ் கிருமியின் போக்கு தெரிந்தால் அந்தத் தயக்கம் வராது. மற்றப் பல கிருமிகளைப் போல அது ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவதில்லை. காயத்தின் தசையில் தங்கி, அங்குள்ள நரம்பைப் பற்றிக்கொண்டு, மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் இதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஒரே வாரத்தில் நோய் வந்தவர்களும் உண்டு, ஓராண்டு கழித்து வந்தவர்களும் உண்டு. அதனால் காயம் ஆறிவிட்டதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தோல் மூடியபின்னும் நரம்புக்குள் பயணம் தொடரலாம். அது மூளையைத் தொடும் முன்பு உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகிவிட்டால் உயிர் தப்பும். காய்ச்சல், கடித்த இடத்தில் குறுகுறுப்பு, தண்ணீரை விழுங்க முடியாத நடுக்கம் என்று அறிகுறிகள் தொடங்கிவிட்டாலோ, மருத்துவத்தால் செய்யக்கூடியது அநேகமாக எதுவுமில்லை. இவ்வளவு உறுதியாகக் கொல்லும் நோய்கள் மிகச் சில. இவ்வளவு உறுதியாகத் தடுக்கக்கூடியவையும் மிகச் சிலவே. எனக்கு ஆறாத வேதனை இதுதான்.

குட்டி நலமாக இருக்கிறது என்ற செய்திக்கு வருகிறேன். மாமியார் சொல்வதில் அறிவியல் உண்மை இருக்கிறது. ஒரு நாயின் எச்சிலில் ரேபிஸ் கிருமி வந்துவிட்டால், சில நாட்களில் அந்த நாயே நோயுற்றுச் சாகும். எனவே கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். ஆனால் இந்த விதி வீட்டில் கட்டி வளர்க்கும், அடையாளம் தெரிந்த நாய்க்குத்தான் பொருந்தும். தெருவில் ஒரே ஈற்றில் பிறந்த ஐந்தாறு செவலைக் குட்டிகள் திரியும்போது, பிறாண்டியது இதுதான் என்று எப்படிச் சொல்வது? அந்த ஐயத்தின் மேல் ஒரு குழந்தையின் உயிரை நான் வைக்க மாட்டேன். குட்டிதானே என்றும் எண்ண வேண்டாம். நோய் வயது பார்ப்பதில்லை. பாதங்களை நக்கும் பழக்கம் நாய்க்கு உண்டு என்பதால் நகக்கீறலும் ஆபத்துதான்.

ரத்தம் கசிந்த கீறலை உலகச் சுகாதார நிறுவனம் மூன்றாம் வகைக் காயமாக, அதாவது மிகக் கடுமையான வகையாகக் கணக்கிடுகிறது. இதுவரை ரேபிஸ் தடுப்பூசி போடாத பிள்ளைக்கு அதில் இரண்டு மருந்துகள் தேவை. ஒன்று தடுப்பூசி. முதல் நாளிலிருந்து எண்ணி 3, 7, 14ஆம் நாட்களிலும், சில அட்டவணைகளில் 28ஆம் நாளிலும் போடுவார்கள். மற்றொன்று இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்புப் புரதம். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காவல் நிற்க, இதைக் கடிவாயைச் சுற்றியே செலுத்துவார்கள். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கடந்துவிட்டால் இதைத் தருவதில்லை. ஆகவே இரண்டையும் முதல் நாளே கேளுங்கள். அக்கம்பக்கத்து மருந்தகத்தில் இவை இருப்பு இல்லாமல் போகலாம். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை போன்ற, சிறுவர் அவசரச் சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். "இந்தியாவில் நாய் பிறாண்டியது, ரத்தம் வந்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பல பத்தாண்டுகளாக வெறிநாய்க்கடியைப் பார்த்திராத ஊர் இது. நீங்கள் சொன்னால்தான் அந்த நினைப்பே வரும்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தின் காலம். இந்தியாவில் 2004இலேயே அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது புஜத்தில்தான் போடுகிறார்கள், சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில்.

மஞ்சள், சுண்ணாம்பு பற்றி மாமியாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பரம்பரையாக வந்த பழக்கம் அது. ஆனால் அடுத்த முறைக்காக அவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். மஞ்சளும் மிளகாய்த்தூளும் காயத்துக்குள் கிருமியைத் தேய்த்து விடத்தான் உதவும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. சோப்பு இந்தக் கிருமியின் கொழுப்பு உறையைக் கரைத்து அழிக்கிறது.

இங்குள்ள நாய்களுக்கு அஞ்ச வேண்டாம். சிங்கப்பூர் 1953 முதல் ரேபிஸ் இல்லாத நாடு. உங்கள் மகன் பூங்காவில் நாயைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் இந்த நிம்மதி என்றென்றைக்கும் எழுதிக்கொடுத்த பட்டா அன்று. மலேசியா 2012இல் ரேபிஸ் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 2015இல், பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் திரும்பியது. 2017இல் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் குழந்தைகள் பலியானார்கள். அந்த மாநிலம் பல ஆண்டுகளாக அதனுடன் போராடி வருகிறது. பாலித் தீவில் 2008 வரை ரேபிஸே இல்லை. அங்கு நுழைந்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாய்களைக் கொன்று பார்த்தார்கள், பரவல் அடங்கவில்லை. நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி போட்ட பிறகே இறங்கத் தொடங்கியது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டிருந்தால்தான் சங்கிலி அறும்.

மலேசியாவிலிருந்து வரும் நம் கடற்பாலத்தில் காருக்குள் ஒளித்துக் கொண்டுவரும் நாய்க்குட்டிகள் அவ்வப்போது பிடிபடுகின்றன. விலை குறைவு என்பதற்காக, ஆவணமில்லாத அத்தகைய குட்டியை வாங்குவது எனக்குக் கடுங்கோபம் தரும் செயல். நோயின் தொடக்கத்தில் அது மற்றக் குட்டிகளைப் போலவே துள்ளி விளையாடும். பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை என்று கடத்தலுக்குத் தண்டனை இருக்கிறது. வாங்குவோர் இருக்கும்வரை கொண்டுவருவோரும் இருப்பார்கள்.

ஆண்டுதோறும் ஊருக்குப் போகும் குடும்பம் என்றால், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள். அப்படிப் போட்டவரை நாய் கடித்தாலும் கழுவுவதும் மேலும் இரண்டு ஊசிகளும் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. உலகில் ரேபிஸால் இறப்போரில் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்கள். அடித்துவிடுவார்களோ என்று பயந்து, நாய் கடித்ததைப் பிள்ளைகள் மறைப்பதும் உண்டு. உங்கள் மகன் உங்களிடம் சொன்னானே, அதற்காக அவனைப் பாராட்டுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். இன்றிரவு தேவகோட்டைக்கு அழைக்கும்போது, அந்தக் குட்டிகளோடு விளையாடிய வேறு பிள்ளைகள் யாருக்காவது கீறல் பட்டதா என்று மாமியாரை விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கே அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இலவசமாகவே போடுகிறார்கள்.