பாட்டியின் கோணல் தையல்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்குத் தையல் பாட்டியிடமிருந்து வந்தது. அவருக்குக் கண் மங்கிய பிறகு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பது என் வேலை. அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. பழைய துணிகளை வெட்டி ஒட்டுப்போட்டுக் கையால் தைத்துவந்த போர்வை பாதியில் நிற்கிறது. கடைசி வரிசைகளில் தையல் கோணல்மாணலாக ஓடுகிறது. பிரித்து ஒழுங்காகத் தைத்து முடிப்பதுதான் அவருக்குச் செய்யும் நன்றி என்கிறார் அம்மா. எனக்குக் கத்தரியை எடுக்கக் கை வரவில்லை. அவர் இருந்தபோது ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை என்பதும் உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள வாசகருக்கு,

பிரிக்காதீர்கள். அம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

என் பாட்டி எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது தைக்க அல்ல, பிரிக்க. மெஷினில் தைத்த பழைய துணிகளைக் கொடுத்து உட்காரவைத்துவிடுவார். ஒரு பக்கம் நாலைந்து தையலுக்கு ஒன்றை வெட்டிவிட்டு, துணியைத் திருப்பி மறுபக்க நூலை இழுத்தால் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். பொறுமையில்லாமல் துணியைப் பிடித்து இழுத்தால் ஓட்டை விழும். அந்த வயதில் இதைத் தண்டனை என்றுதான் நினைத்தேன். பிரிக்கத் தெரிந்தவளுக்குத் தப்பாகத் தைக்கப் பயம் இருக்காது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

இன்னொன்று, மெஷினில் துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் நான் உடனே கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினை நோண்டுவேன். கையைத் தட்டிவிட்டு, "கீழே கோளாறுன்னா மேலே பாரு" என்பார். மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பின்னிக்கொள்ள வேண்டும். மேல்நூல் தளர்ந்திருந்தால் அது கீழே இறங்கி வளையம் போடும். பெரும்பாலும் மேல்நூலை மறுபடி சரியாகக் கோர்த்தாலே போதும். இன்றும் மெஷின் தகராறு செய்தால் முதலில் நூலைத்தான் கோர்க்கிறேன். தைத்து முடித்ததைக் காட்டினால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பி, பிசிர் எப்படி அடங்கியிருக்கிறது, முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு "ம்" என்பார். அவ்வளவுதான் பாராட்டு.

நானும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. வீட்டுக்குள் அந்தச் சொல் மேடைப்பேச்சு மாதிரி ஒலிக்கும். சொல்லியிருந்தால் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார். காது வைத்த எலும்பு ஊசி ஏறத்தாழ 40,000 ஆண்டுகளாக மனிதர் கையில் இருக்கிறது. அன்றிலிருந்தே கண் மங்கியவர்களுக்குச் சின்னவர்கள் யாரோ நூல் கோர்த்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நீங்கள் செய்ததும் அதுதான். அந்தக் கோணல் வரிசையில் ஓடுகிற நூலில் பாதி நீங்கள் கோர்த்ததாக இருக்கலாம். பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

சரி, அம்மாவின் பக்கம். போர்வை என்றால் போர்த்திக்கொள்ள வேண்டும். தையல் விட்டுப்போகிற போர்வையை அலமாரியில் வைத்துப் பூஜிப்பது பாட்டிக்கே பிடிக்காது. ஓரமாக ஒரு இடத்தில் பழைய நூலை மெல்ல இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் நூல் இற்றுவிட்டது. அப்போதும் பிரிக்க வேண்டியதில்லை. அவர் தையலை ஒட்டி, உள்மடிப்புப் பக்கமாக, புதிதாக ஒரு வரிசை ஓட்டுங்கள். பாரத்தை உங்கள் தையல் தாங்கும், அவருடையது சும்மா இருக்கும். இடைவெளி விழுந்த இடங்களும் அதில் மூடிவிடும்.

பருத்தி நூல் போதும், பாலியஸ்டர் வேண்டாம். நைந்த துணியில் வலுவான நூல் போட்டால், இழுபடும்போது நூலுக்குப் பதில் துணி கிழியும். அறுந்த நூலை மறுபடி தைத்துக்கொள்ளலாம், கிழிந்த துணியை அப்படிச் செய்ய முடியாது. மீதித் துண்டுகளை இணைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்.

மீதிப் பாதியை அவரைப் போலத் தைக்க முயலாதீர்கள், உங்கள் கைக்கு எப்படி வருகிறதோ அப்படியே வரட்டும். முடித்ததும் ஒரு படம் அனுப்புங்கள். பின்பக்கத்தை மட்டும்.