கூட்டத்தில் கதைப்பது – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கிளிநொச்சி முரசுமோட்டையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபிறகு வயலை நான்தான் பார்க்கிறேன். கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கும் நான்தான் போகிறேன். எங்கள் காணி வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்தால், மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்து எங்களிடம் வரும்போது வெறும் ஈரம்தான் மிச்சம். இந்த முறை கடைசியிலிருந்து தண்ணீர் கொடுக்கத் தொடங்குங்கள் என்று போன கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். குரல் நடுங்கியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தலைவர் அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார். அரை மணித்தியாலம் கழித்து ஒரு ஐயா அதையே சொன்னார், எல்லோரும் "ஓம் ஓம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். படிக்கிற காலத்தில் தமிழ்த்தினப் போட்டியில் பேச்சுக்கு மாவட்டம் வரை போனவள் நான். பிறகு ஏன் இப்படி?

ச.

அன்புள்ள தங்கச்சி,

காரணத்தைக் கடைசி வரியில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். தமிழ்த்தினப் போட்டிதான். (கோபிக்க வேண்டாம், நானும் அந்த மேடையில் கெட்டவன்.) தலைப்பை முதலே தருவார்கள், பாடமாக்குவோம், குறுக்கே ஒருவரும் கதைக்கமாட்டார்கள். நமக்கு முன்னால் பேசிய பிள்ளை என்ன சொன்னது என்று கேட்கவே தேவையில்லை. கேட்டால் பாடமாக்கினது மறந்துபோகும். கூட்டத்தில் அப்படி இல்லை. அங்கே முந்தின ஆள் விட்ட இடத்தில்தான் நாம் தொடங்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். மீள்குடியேறி வந்த 2010இல், வீட்டுத்திட்டப் பயனாளிப் பட்டியல் பற்றி ஒரு கூட்டம். எங்கள் ஒழுங்கையில் இரண்டு குடும்பங்களின் பெயர் விடுபட்டிருந்தது. நான் எழும்பி, இடம்பெயர்ந்த நாளிலிருந்து தொடங்கிப் பதினைந்து நிமிசம் கதைத்தேன். சனம் கைதட்டியது. ஒரு அம்மா கண்ணைத் துடைத்தா. எனக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசித்தார்கள்: "அங்கத்தவர் ஒருவர் வீட்டுத்திட்டம் தொடர்பில் கருத்துத் தெரிவித்தார்." அவ்வளவுதான். அந்த இரண்டு குடும்பத்தின் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செயலாளரில் பிழை இல்லை. அவர் எதைத்தான் எழுதுவார்?

அன்றிலிருந்து நான் எழும்புவதற்கு முன் ஒன்றைத்தான் யோசிப்பேன்: நான் கதைத்துவிட்டு இருந்தபிறகு அறிக்கைப் புத்தகத்தில் எந்த வசனம் எழுதப்பட வேண்டும்? அந்த வசனத்தையே சொல்லிவிடுவேன். உங்களுடைய விசயத்தில் அது இப்படி இருக்கலாம்: "கடைசிப் பன்னிரண்டு ஏக்கருக்குப் போன சிறுபோகத்தில் இரண்டு முறை தண்ணீர் தவறியது. இந்தமுறை முதல் மூன்று நாளும் கடைசியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று பிரேரிக்கிறேன்." ஏக்கரும் நாளும் நான் சும்மா போட்டவை, சரியான கணக்கை நீங்கள் போடுங்கள். ஆனால் கணக்கு இருக்க வேண்டும். கிளிநொச்சியில் கமக்காரர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வியே "குளத்தில எத்தினை அடி?" என்பதுதான். உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் இரணைமடு 36 அடிக் குளம். அதில் எத்தனை அடி நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவாகிறது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எல்லாமே எண்ணும் திகதியும்தான். தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடுகளை வயலில் இறங்கவிடாமல் கட்டும் நாள். அப்படிப் பழகின காதுகளுக்கு "எங்களுக்கு அநியாயம் நடக்குது" என்பது தெரிந்த பழைய பாட்டு.

அடுத்தது, பிரேரித்தால் ஆமோதிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைக் கூட்டத்தில் தேடக்கூடாது. முதல்நாள் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அதே வாய்க்காலின் கடைசியில் காணி உள்ள இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். முடிந்தால் மேல்வாய்க்கால்காரர் ஒருவரிடமும் போங்கள். அவர் மறுக்கப்போகும் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். நம் ஊர்க் கூட்டங்களில் பாதி முடிவு படலையடியில்தான் நடக்கிறது. ஆண்கள் இதைத் தேத்தண்ணிக் கடையில் செய்துவிடுகிறார்கள். உங்களுக்கு அந்தக் கடை வாங்கு இல்லை, அதனால் சைக்கிள்.

அந்த ஐயா விசயம். அது நீங்கள் நடுங்கினதால் மட்டும் நடந்ததில்லை, மழுப்ப எனக்கு விருப்பமில்லை. போருக்குப் பிறகு வன்னியில் எத்தனையோ வயல்களைப் பெண்கள்தான் பார்க்கிறார்கள், ஆனாலும் கூட்டத்தில் பின்வரிசைப் பிளாஸ்ரிக் கதிரைதான் அவர்களுக்கு. இருந்தாலும் அன்று அவர் வாய் திறந்தது உங்களுக்கு வாய்ப்பு. அந்த நிமிசமே எழும்பி, "ஐயாவும் நான் முதல் சொன்னதைத்தான் சொல்லுறார். அப்ப இதை நான் பிரேரிக்கிறன், ஐயா ஆமோதிக்கட்டும்" என்று சொல்லியிருந்தால், அவர் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? பெரும்பாலும் அவருக்கு நீங்கள் சொன்னது நினைவிலேயே இருந்திருக்காது. கேட்டது மனதில் கிடந்து, தன் யோசனை மாதிரி வந்திருக்கும்.

குரல் நடுக்கத்துக்கு என்னிடம் மருந்தில்லை, எனக்கு இன்னமும் நடுங்குகிறது. முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டாவது வரிசைக்கு அப்பால் இருக்கமாட்டேன், தூரத்திலிருந்து கத்தினால் நடுக்கம் கூடும். சொல்ல வேண்டிய வசனத்தை உரப் பில்லின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தே வாசித்தாலும் குறைவில்லை. யாரும் புள்ளி போடப்போவதில்லை.

இப்போது செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. செயலாளரிடம் அறிக்கைப் புத்தகத்தை வாங்கி அன்றைய பக்கத்தைப் பாருங்கள். கடைசி வாய்க்கால் பற்றி ஒன்றும் இல்லாவிட்டால், அல்லது ஐயாவின் பெயரில் மட்டும் இருந்தால், அடுத்த கூட்டத்தில் சென்ற கூட்ட அறிக்கையை வாசித்து முடித்ததும், ஏற்றுக்கொள்வதற்கு முன், "அறிக்கையில ஒரு திருத்தம் இருக்கு" என்று எழும்புங்கள். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.