மெய்க்கீர்த்திக்குக் கீழே

அன்புள்ள ஐயா,

முதுகலை வரலாறு படிக்கிறேன். தமிழ்க் கல்வெட்டுகளை ஆராய்ந்த ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவை எந்த நூலிலிருந்து தொடங்கலாம்? ‘வாழ்நாள் முழுக்கச் சோழர்களை ஆராய்ந்தவர், ராஜராஜனின் பெருமையைப் பேசவில்லை, நிலத்தை யார் விற்றார், யார் வாங்கினார் என்று கணக்குப் போட்டதோடு சரி’ என்கிறார்கள் நண்பர்கள். ஒரு ஜப்பானியருக்கு நம் வரலாறு எவ்வளவு புரிந்திருக்கும் என்றும் கேட்கிறார்கள். 2010-ல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத் தலைவர் பதவியிலிருந்து ஏன் விலகினார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உலகத் தமிழ் ஆய்வு மாநாட்டுக்கு அறிஞர்கள் தயாராகப் போதிய அவகாசம் வேண்டும் என்றார். தமிழக அரசு அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. விலகினார். ஜப்பானியர் என்ற பேச்சுக்குப் பதிலே கிடையாது. 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, ஊட்டியில் அப்போதிருந்த கல்வெட்டு அலுவலகத்தில் மைப்படிகளோடு, அதாவது கல்வெட்டிலிருந்து மை ஒற்றி எடுத்த படிகளோடு, உட்கார்ந்தவர் அவர். உங்கள் நண்பர்கள் ஒரு கல்வெட்டையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு வரட்டும்.

‘கணக்குப் போட்டதோடு சரி.’ இதைத்தான் என்னால் விட முடியவில்லை. ஏனென்றால் உங்கள் வயதில் நானும் இதையே நினைத்தவன்.

23 வயதில் காவிரிக் கரையில் ஒரு சின்னக் கோயிலுக்கு நோட்டோடு போனேன். சுவருக்குக் கீழே உள்ள அடிப்பீடமான அதிட்டானத்தில் ராஜராஜன் கல்வெட்டு. ‘திருமகள் போல’ என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியை, அரசனின் வெற்றிகளைப் புகழும் அந்த முன்பகுதியை, எழுத்து எழுத்தாகத் தடவிப் படித்து, காந்தளூர்ச் சாலை வெற்றி வந்ததும் புல்லரித்துப்போய், முழுவதையும் எழுதிக்கொண்டு ஊர் திரும்பினேன். என் ஆசிரியர் வாங்கிப் பார்த்தார். “இது நூற்றுக்கணக்கான கல்லில் இருக்குப்பா. இதுக்குக் கீழே என்ன இருந்தது?” என்றார். கீழே ஏதோ குழி, மா என்று நில அளவுகள், கீழ்பாற்கெல்லை என்று கிழக்கெல்லை, வாய்க்கால், நாலைந்து ஆள் பெயர். நான் எழுதவில்லை. பல வருடம் கழித்துப் போனால், திருப்பணியில் தரையை உயர்த்தி வழவழவென்று கல் பதித்திருந்தார்கள். மெய்க்கீர்த்தி வெளியே இருந்தது. அந்தப் பெயர்கள் தரைக்குள் போய்விட்டன. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கராஷிமா தொடங்குவதே அந்தக் கீழ் வரிகளில்தான். திருச்சிக்கு மேற்கே அல்லூர், ஈசானமங்கலம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஈசானமங்கலம் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தந்த ஊர். அல்லூர் அப்படியல்ல. இரண்டு ஊர்க் கல்வெட்டுகளிலும் யார் நிலத்தை விற்கிறார்கள் என்று பார்த்தார். ஈசானமங்கலத்தில் தனித்தனிப் பிராமணர்கள் விற்கிறார்கள். அல்லூரில் ‘ஊர்’ என்ற சபை விற்கிறது. நிலம் பொதுவில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு பிற்காலக் கல்வெட்டுகளுக்கு வந்தால், பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் தனியார் நிலவுடைமை பரவுவது தெரிகிறது. ‘இந்தியக் கிராமம் காலகாலமாக மாறாமல் கிடந்தது’ என்று ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதினார்களே, அந்தப் பேச்சை உடைத்தது இந்தக் கணக்குதான். நம் மூதாதையரின் கிராமத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்று காட்டியவரைப் பார்த்தா நம் பெருமையைப் பேசவில்லை என்கிறீர்கள்?

அப்புறம், சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள் பெயர்களை எ. சுப்பராயலு, தோரு மட்சுய் இருவரோடும் சேர்ந்து கணினியில் ஏற்றி, 1978-ல் 3 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். உடையான், வேளான், மூவேந்தவேளான் என்ற பட்டங்கள் எந்தக் காலத்தில், எந்தப் பகுதியில் வருகின்றன என்று தேட அது வழி செய்தது. ‘ஒரு கல்வெட்டில் இப்படி இருக்கிறதே’ என்று ஒற்றைச் சான்றை வைத்துக்கொண்டு பேரரசையே கட்டிவிடும் பழக்கத்தை அது சங்கடப்படுத்தியது. சோழ அரசு இறுக்கமான மைய அரசா, துண்டு துண்டான அரசா என்று வரலாற்றாசிரியர்கள் நீலகண்ட சாஸ்திரியையும் பர்ட்டன் ஸ்டெயினையும் வைத்துச் சண்டை போடுகிறவர்களும் இப்போது அந்தப் பெயர்களுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நூலைக் கேட்டீர்கள் இல்லையா? 1984-ல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பை, ‘South Indian History and Society’, எடுங்கள். அதில் அல்லூர்–ஈசானமங்கலம் கட்டுரையை முதலில் படியுங்கள். சுருக்கம் தேடி வீடியோ பக்கம் போகாதீர்கள், கோபம் வரும். பக்கத்தில் ஒரு தாள் வைத்து, விற்றவர், வாங்கியவர் என்று இரண்டு பத்தி போட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டே வாருங்கள். தாள் நிறைந்ததும் எனக்கு எழுதுங்கள்.