மாட்டிறைச்சியும் சோயாப்பால் ஆடையும் சேர்த்து வதக்கும்போது இறைச்சி ஏன் இறுகுகிறது?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி இவ்வாறு கேட்டிருந்தார். கறிக்கு வெட்டுவதைப் போலவே கட்டிகளாக வெட்டி, தாச்சியை நிறைத்துப் போடுவதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். நம் ஊரில் மாட்டிறைச்சி என்றால் நீண்ட நேரம் அவிய வைக்கும் பழக்கமே இருக்கிறது. இந்தச் சமையலுக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது.

250 கிராம் எலும்பில்லாத இறைச்சியை அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, சற்று இறுகியதும் நார் ஓடும் திசைக்குக் குறுக்காக மெல்லிய சீவல்களாக வெட்டுங்கள். நார் குறுகும்போதுதான் மெல்லுவது எளிதாகும். இறைச்சி முற்றியதாயின் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவைப் பிசறி, 15 நிமிடங்களின் பின் நன்றாகக் கழுவி, நீரை ஒற்றியெடுங்கள். பிறகு சோயா சோஸ், மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி சோளமா சேருங்கள்.

சோயாப்பாலைக் காய்ச்சும்போது மேலே படரும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த படலமே இந்த ஆடை. உலர்ந்ததாக வாங்கினால் மடியும்வரை நீரில் ஊறவைத்து, பிழிந்து, பட்டைகளாக நறுக்குங்கள். கொதிநீரில் போட்டால் ஓரம் கரைந்து நடு விறைப்பாகவே நிற்கும்.

தாச்சி புகையும் அளவுக்குச் சூடானதும் இறைச்சியை இரண்டு தடவையாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடங்களுக்கு மேற்படாமல் வதக்கி எடுத்துவிடுங்கள். அதே தாச்சியில் உள்ளி, இஞ்சி, கறிமிளகாய், பின்னர் ஆடை. கடைசியில் இறைச்சியைச் சேர்த்துப் புரட்டி உடனே இறக்குங்கள். உப்பை இறுதியில் சுவை பார்த்தே சேருங்கள், சோயா சோஸில் ஏற்கனவே நிறைய இருக்கிறது.